ரைஸ் மில் பேனலுக்கு நம்பர் போட எந்த பிரிண்டர்? ஃபெரூல் மிஷினா, டேப் லேபிள் மிஷினா?

கேட்டவர்: வேலந்தாவளம்_வயரிங்

வணக்கம்ங்க. கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு ரைஸ் மில்லில் பழைய எம்சிசி பேனலை (எல்லா மோட்டாரையும் ஓட்டற கண்ட்ரோல் பெட்டி) கழட்டிட்டுப் புதுசு ஏத்துறோம். எலிவேட்டர், ஹஸ்கர், பாலிஷர், புளோயர், பாய்லர் ஃபீட் பம்ப் எல்லாம் சேர்த்து 22 மோட்டார். டிராயிங்ல கண்ட்ரோல் வயர் 640 வருது. பெரும்பாலும் 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.), கொஞ்சம் 2.5 ஸ்கொயர்.

பழைய பேனல்ல பேப்பர் ஸ்டிக்கர்ல பேனாவுல எழுதி செலோடேப் சுத்தியிருக்காங்க. பாதி உதிர்ந்து அடியில கெடக்கு, மீதியில எழுத்தே இல்ல. இந்தத் தடவை ஒழுங்கா பிரிண்ட் பண்ணிப் போடணும். கேள்வி இதுதான்:

டேப் லேபிள் மிஷின் ஒண்ணு வாங்கினா வயர், கேபிள், கதவு எல்லாத்துக்கும் ஆகுமா? இல்ல ஃபெரூல் (வயர் முனையில மாட்டற நம்பர் டியூப்) அடிக்கற மிஷின் தனியா வேணுமா? ஃபோன்ல புளூடூத்ல ஓடுற சின்ன மிஷின் மலிவா கிடைக்குதே, அது போதுமா? மில்லில் பாதிப் பேர் மலையாளம், பாதிப் பேர் தமிழ். கதவுல ரெண்டு மொழியிலயும் பேர் வரணும்னு முதலாளி சொல்றார். அது இந்த மிஷின்ல வருமா?

பதில்: டெர்மினல்_பிளாக்

மிஷின் பேரைப் பாக்கறதுக்கு முன்னாடி முனைகளை எண்ணுங்க. 640 வயர்னா 1280 முனை. இந்த எண்ணிக்கைதான் எந்த மிஷின்னு முடிவு பண்ணும்.

டேப் மிஷின்லயே ஹீட் ஷ்ரிங்க் டியூப் கேசட் போட்டு அடிக்கலாம். பிரதரோட எச்எஸ்இ கேசட் ஒண்ணுல 1.5 மீட்டர்தான் இருக்கும். ஒரு துண்டு 20 மி.மீ.ன்னு வச்சா ஓரம் வீணாகாமலே 75 துண்டு. உங்க 1280 முனைக்கு 18 கேசட். நடைமுறையில ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் முன்னாடி ஒரு இஞ்ச் வெறும் டியூப் போகும், அதனால இன்னும் கூடும். சரி, டேப்பையே கொடி மாதிரி ஒட்டலாம்னா: 3 மி.மீ. வயரைச் சுத்த 9.4 மி.மீ., கொடிக்கு ரெண்டு பக்கமும் 20 மி.மீ., ஆக ஒண்ணுக்கு 50 மி.மீ. 8 மீட்டர் கேசட்ல 160தான் வரும். 8 கேசட் ஆகும். அதைவிடப் பெரிய தொந்தரவு, டக்ட்டுக்குள்ள (வயர் ஓடற மூடி போட்ட பிளாஸ்டிக் கால்வாய்) நூறு கொடி ஒண்ணோடொண்ணு சிக்கிக்கும். மூடி உட்காராது.

அதே 1280 துண்டு ஃபெரூல் டியூப்ல 25.6 மீட்டர். 100 மீட்டர் ரோல்ல கால்வாசி. அதனால வயர் முனைக்கு ஃபெரூல் மிஷின்தான். மேக்ஸ் லெட்டாட்வின், கேனன், சுப்வான் இந்த மூணும் பேனல் கடைகள்ல ஓடுது. கோயம்புத்தூர்ல ரிப்பனும் டியூபும் எதுக்கு உடனே கிடைக்குதோ அதை எடுங்க. மிஷின்ல பெருசா வித்தியாசம் இல்ல. ரிப்பன் வர பத்து நாள் ஆச்சுன்னா வேலை நிக்கும். இந்த ஒரு பேனல்தான், அப்புறம் வேலை இல்லன்னா மிஷினே வாங்காதீங்க. எக்செல்ல லிஸ்ட் குடுத்தா ஃபெரூல் அடிச்சுத் தர்ற ஆளுங்க இருக்காங்க.

ஆன்லைன்ல வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். நம்ம ஊர்ல ஃபெரூல்னா நம்பர் போட்ட டியூப். வெளிநாட்டு கேட்டலாக்ல ஃபெரூல்னா நம்ம சொல்ற பின் லக், அதாவது வயர் முனையில அழுத்தி மாட்டற உலோக முனை. பேரை மட்டும் பாத்து ஆர்டர் போட்டா ஒரு பை நிறைய லக் வந்து நிக்கும்.

டியூப் சைஸ்: ஸ்கொயரைப் பாத்து வாங்காதீங்க, வெர்னியர் வச்சு வயரோட வெளி விட்டத்தை அளங்க. 1.5 ஸ்கொயர் வயர் சுமார் 3 மி.மீ. வரும், ஆனா கம்பெனிக்குக் கம்பெனி இன்சுலேஷன் தடிப்பு மாறும். உள் விட்டம் அதைவிட 0.2லிருந்து 0.5 மி.மீ. வரை கூட இருக்கற டியூப் எடுங்க. இறுக்கமா இருந்தா ஆயிரம் முனைக்கு ஏத்துறதுக்குள்ள கட்டைவிரல் தோல் போயிடும். லூசா இருந்தா செங்குத்தா நிக்கற வயர்ல நம்பர் வழுக்கி டக்ட்டுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். லக்கோட காலர் டியூபைவிடப் பெருசா இருக்கணும். அப்பதான் வயரைக் கழட்டினாலும் ஃபெரூல் கீழ விழாது.

எழுத்து 3 மி.மீ. உயரம், துண்டு எல்லாமே ஒரே நீளம். நம்பர் சின்னதா இருக்குன்னு துண்டைக் குறைச்சா டெர்மினல் வரிசையில பல்லு விழுந்த மாதிரி தெரியும். படுக்கை வயர்ல இடமிருந்து வலம் படிக்கணும், செங்குத்து வயர்ல கீழிருந்து மேல. பேனல் முழுக்க ஒரே திசை. அதனால வயரோட ரெண்டு முனையிலயும் ஃபெரூலை எந்தப் பக்கமா ஏத்துறோம்னு பாத்து ஏத்தணும். ஒரே பக்கமா ஏத்தினா ஒரு முனையில நம்பர் தலைகீழா நிக்கும்.

வரிசையும் முக்கியம். வயரை வெட்டு, ஃபெரூல் ஏத்து, தோல் உரி, லக் அடி. லக் அடிச்சப்புறம் ஞாபகம் வந்தா லக்கை வெட்டணும், வயர் ஒரு சென்டிமீட்டர் குறையும். டக்ட்ல கொஞ்சம் மிச்சம் விட்டிருந்தா பிழைச்சோம்.

பதில்: மூணு_ஃபேஸ்

புளூடூத் சின்ன மிஷின் பத்தி. அதுல பெரும்பாலானது டைரக்ட் தெர்மல். ரிப்பன் கிடையாது, மையும் கிடையாது, ஸ்டிக்கர் மேல இருக்கற பூச்சு சூடு பட்டாக் கறுக்கும், அவ்வளவுதான். அதே பூச்சு பேனலுக்குள்ள கான்டாக்டர் காயில் பக்கத்துல சூடு பட்டாலும் மெல்லக் கறுக்கும். வெயில் பட்டா எழுத்து வெளுக்கும். பிவிசி வயர் மேல சுத்தினா இன்னும் மோசம்: பிவிசியை மெதுவாக்கச் சேர்த்த எண்ணெய் ஸ்டிக்கருக்குள்ள ஊறி எழுத்தையும் பசையையும் சேர்த்துக் கெடுக்கும். மளிகை டப்பாவுக்குப் பேர் ஒட்டறதுக்கு நல்ல மிஷின். பேனலுக்கு வேண்டாம். வாங்கறதுக்கு முன்னாடி ‘ரிப்பன் இருக்கா, தெர்மல் டிரான்ஸ்ஃபரா’ன்னு ஒரே கேள்வி கேளுங்க.

கேபிளுக்கும் கதவுக்கும் டேப் மிஷின் ஒண்ணு வேணும். ரெண்டு மொழி வேணும்ங்கறதால கம்ப்யூட்டர்ல இணைக்கற மாடலா இருக்கணும். பிரதர்ல பிடி-இ550டபிள்யூ 24 மி.மீ. டேப் வரை எடுக்கும், யூஎஸ்பி, வைஃபை இருக்கு, அரை வெட்டும் (பின்பேப்பரை விட்டுட்டு டேப்பை மட்டும் வெட்டறது) போடும். இ110 மாதிரி கம்ப்யூட்டர் இணைப்பு இல்லாத சின்ன மாடல்ல பட்டன்ல இருக்கற எழுத்துதான், தமிழும் வராது, மலையாளமும் வராது. டைமோ ரைனோ, பிரேடி இதுங்களும் இந்த வேலைக்குன்னே வந்ததுதான், டேப் கிடைக்கறதைப் பாத்துக்குங்க.

மிஷினைவிட டேப்பைத்தான் ஜனங்க தப்பா வாங்கறாங்க. சாதாரண லேமினேட் டேப் நல்ல டேப்தான், ஆனா விறைப்பு. மெலிசான வயர்ல சுத்தினா நிமிரப் பாக்கும். ஒட்டின அன்னிக்கு அழகா இருக்கும். ஒரு மாசம் கழிச்சு வந்து பாத்தா ஓரம் மேல எழும்பி அந்தப் பசையில தூசி ஒட்டிக் கறுப்பாக் கிடக்கும். கேபிளைச் சுத்தறதுக்கு டிஇசட்இ-எஃப்எக்ஸ் வரிசை, அதாவது வளையற டேப். அதுவும் 3 மி.மீ.க்குக் குறையாத கேபிள்ல, முனை மேல முனை 5 மி.மீ. ஏறி ஒட்டற மாதிரி நீளம் வைக்கணும். கண்ட்ரோல் கேபிள் 12 மி.மீ. விட்டம்னா சுத்தளவு 37.7 மி.மீ., ஏறி ஒட்ட 5, ஆக 43 மி.மீ. மெனுவுல ‘கேபிள் ரேப்’ போட்டு எழுத்தைத் திரும்பத் திரும்ப அடிச்சுக்குங்க, எந்தப் பக்கம் திருப்பினாலும் தெரியும்.

பவுடர் கோட்டிங் சொரசொரப்பா இருக்கற கதவுக்கு டிஇசட்இ-எஸ், பசை தடிப்பானது. ரைஸ் மில்லில் இன்னொரு வில்லங்கம் தவிடு. வெறும் தூசின்னு நினைச்சுத் துணியால தட்டிட்டு ஒட்டுவாங்க. தவிட்டுல எண்ணெய் இருக்கு, கதவு மேல மெல்லிசாப் படிஞ்சிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைச்ச துணியால ஒரு தடவை துடை, சுத்தமான துணியால இன்னொரு தடவை துடை, காய விடு, அப்புறம் ஒட்டு. தின்னர் வேண்டாம், பெயின்டைத் தின்னுடும். எடவப்பாதி மழை நேரத்துல காலையில கதவு வியர்த்திருக்கும். அந்த ஈரத்து மேல ஒட்டினா எந்த டேப்பும் நிக்காது. ஒட்டினப்புறம் கட்டைவிரலால நடுவுலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்ங்க. பசை முழுசாப் பிடிக்க ஒரு நாள் ஆகும், அதுக்குள்ள நகத்தால சோதிச்சுப் பாக்காதீங்க.

டேப் பின்னாடி பேப்பர் உரிய மாட்டேங்குதுன்னு நிறையப் பேர் பிளேடு வச்சு ஓரத்தைக் கெடுக்கறாங்க. பேப்பர் நடுவுல நீளவாக்குல ஏற்கனவே கீறியிருக்கும். டேப்பை அந்தக் கீறல்ல லேசா மடிச்சா ரெண்டு பாதியும் தானே விரியும்.

பதில்: எலிவேட்டர்_பெல்ட்

டெர்மினல் ஸ்ட்ரிப் (வயரை முடுக்கற டெர்மினல் வரிசை மேல ஒட்டற நம்பர் பட்டை) அடிக்கறவங்க எல்லாரும் மாட்டற இடம் ஒண்ணு இருக்கு. டெர்மினல் அகலம் 5.2 மி.மீ., நீங்க மிஷின்ல 5ன்னு போட்டீங்கன்னா முதல் நாலஞ்சு டெர்மினல்ல சரியாத்தான் தெரியும். 40வது டெர்மினலுக்கு வரும்போது 8 மி.மீ. தள்ளிப் போயிருக்கும், ஒண்ணரை டெர்மினல் தூரம். 38க்கும் 39க்கும் நடுவுல 40 நிக்கும். கேட்டலாக் அளவையும் நம்பாதீங்க. ரெயில்ல மாட்டி எண்ட் கிளாம்ப் இறுக்கினப்புறம் 20 டெர்மினலுக்கு மொத்தமா அளந்து 20ஆல வகுத்து அதைப் போடுங்க. நடுவுல பார்ட்டிஷன் பிளேட் இருந்தா அங்க ஸ்ட்ரிப்பை வெட்டித் தனியா ஆரம்பிச்சுடுங்க.

பதில்: சின்னாம்பாளையம்_டிராயிங்

எக்செல்ல லிஸ்ட் போட்டு அடிக்கப் போறீங்கன்னா: நம்பர் கட்டத்தை முதல்ல ‘டெக்ஸ்ட்’ஆ மாத்துங்க, அப்புறம்தான் டைப் பண்ணணும். இல்லன்னா 001 வெறும் 1 ஆயிடும். 3-4ன்னு போட்டா தேதியா மாறிடும். மோட்டார் 2, எமர்ஜென்சி 10ன்னு ‘2இ10’ மாதிரி நம்பர் வச்சா எக்செல் அதைக் கணக்குன்னு நினைச்சு ரெண்டாயிரம் கோடி ஆக்கிடும்! டைப் பண்ணினப்புறம் டெக்ஸ்டா மாத்தினா பழைய நம்பர் திரும்பி வராது, மறுபடி அடிக்கணும்.

காப்பி 2ன்னு குடுக்கும்போது 101, 101, 102, 102ன்னு வருதா, இல்ல 101லிருந்து கடைசி வரை போய் மறுபடி 101 வருதான்னு பத்து நம்பர் மட்டும் அடிச்சுப் பாருங்க. வயரை ஒவ்வொண்ணா வெட்டி ரெண்டு முனையும் முடிக்கறவங்களுக்கு முதல் முறை. ஒரு ஆள் கதவுப் பக்கம், ஒரு ஆள் உள்பக்கம்னு வேலை செஞ்சா ரெண்டாவது.

நம்பர் போடற முறையில ஒரு யோசனை. ரெண்டு முனையிலயும் ஒரே நம்பர் போடறதைவிட, இந்த முனை எங்க போகுதுன்னு எதிர் முனை முகவரியும் சேர்த்துப் போட்டா பழுது பாக்கறவனுக்கு டிராயிங்கே வேண்டாம்.

பதில்: டெர்மினல்_பிளாக்

எதிர் முனை முகவரி விஷயத்துல எனக்கு ஒப்புதல் இல்லைங்க. பேனல் கடையில அது அழகு. மில்லில் ராத்திரி ரெண்டு மணிக்கு ரிலே ஒண்ணு போய், ஒரு வயரை ஸ்பேர் கான்டாக்ட்டுக்கு மாத்திட்டுப் போவாங்க. அன்னிக்கே அந்த முகவரி பொய் ஆயிடும், எதிர் முனையிலயும் பொய். ஒரே நம்பர்னா வயரை எங்க மாத்தினாலும் நம்பர் கூடவே போகும். ஒரே மின்னிணைப்புல இருக்கற எல்லா வயருக்கும் ஒரே நம்பர், காயில், ஃபியூஸ், சுவிட்ச் தாண்டினா அடுத்த நம்பர். இந்த மில்லுக்கு அது போதும். பெரிய பிளான்ட்டு, டிராயிங்கைத் திருத்தி வைக்க ஆள் இருக்குன்னா நீங்க சொல்றது சரி.

6, 9 கலந்த நம்பர்ல அடிக்கோடு போடற வசதி மிஷின்ல இருந்தா போட்டுக்குங்க. 66 திரும்பினா 99. 68 திரும்பினா 89. ஃபெரூல் வயர்ல உருளற சாமான், எப்பவும் நேரா நிக்காது. பூஜ்யத்துக்குக் குறுக்குக்கோடு செட்டிங்கும் இருக்கும். ஐ, ஓ ரெண்டு எழுத்தையும் நம்பர்ல சேர்க்கவே வேண்டாம்.

கேட்டவர்: வேலந்தாவளம்_வயரிங்

ரொம்ப நன்றிங்க. ஃபெரூல் மிஷின் ஒண்ணு தெரிஞ்ச கடையில ரெண்டு நாளைக்கு இரவல் கிடைச்சது. டியூப் ரெண்டு ரோல் வெளியில வாங்கினேன். அடிச்சதுல ரெண்டு பிரச்சினை. ஒரு ரோல்ல எழுத்து கறுப்பா விழுது, ஆனா நகத்தால தேச்சா போயிடுது. இன்னொண்ணுல எல்லா எழுத்துக்கும் நடுவுல ஒரு மெல்லிசு வெள்ளைக்கோடு, டியூப் நீளத்துக்கும் ஓடுது. அப்பப்ப ஃபெரூல் மிஷினுக்குள்ளயே பிஞ்சு மாட்டிக்குது.

பதில்: டெர்மினல்_பிளாக்

மூணுக்கும் மூணு காரணம்.

நகத்துல போறது டியூப் கோளாறு. மட்டமான டியூப்ல மேல எண்ணெய்ப் பசை கசிஞ்சு நிக்கும், ரிப்பன் மை பிவிசியில பிடிக்காம அந்தப் பசை மேல மிதக்கும். ஒரு முழம் டியூபை ஆல்கஹால் துணியால துடைச்சு, காய வச்சு அடிச்சுப் பாருங்க. அப்ப பிடிச்சா காரணம் உறுதி. அதுக்காக 25 மீட்டரையும் துடைச்சுட்டு உட்காராதீங்க, ரோலைத் திருப்பிக் குடுங்க. புது டியூப் வாங்கும்போது பத்து துண்டு அடிச்சு, அஞ்சு நிமிஷம் விட்டு, கட்டைவிரலால இருபது தடவை தேச்சுப் பாத்துட்டு வாங்குங்க. பிரிச்ச ரோலைக் கவர்ல கட்டி வைங்க, மில் தூசி மேல படிஞ்சாலும் இதே கதைதான்.

வெள்ளைக்கோடு ஹெட்ல. பிரிண்ட் ஹெட்ல வரிசையா இருக்கற புள்ளிகள்ல ஒண்ணு சூடாகலைன்னா அந்த இடத்துல டியூப் நீளத்துக்கும் கோடு வரும். மிஷினை அணைச்சு, ஆற விட்டு, பஞ்சுக்குச்சியை ஆல்கஹால்ல நனைச்சு ஹெட்டையும் எதிர்ல இருக்கற ரப்பர் ரோலரையும் துடைங்க. கோடு போயிட்டா அழுக்கு. அதே இடத்துல அப்படியே நின்னா புள்ளி செத்துப்போச்சு, ஹெட் மாத்தணும். இரவல் மிஷின்னு சொன்னதால இதைத் திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட காட்டிடுங்க. கத்தியால சுரண்டவே கூடாது.

உள்ளயே பிய்யறது அரை வெட்டோட ஆழம். ஃபெரூல்கள் மாலை மாதிரி தொங்கணும், கையால இழுத்தா மட்டும் பிரியணும். வெட்டு ஆழத்தை ஒரு படி குறைங்க. அதோட செட்டிங்ல போட்ட டியூப் சைஸும் போட்ட டியூபும் ஒண்ணான்னு பாருங்க. 3.2 செட்டிங்ல 3.6 டியூப் ஓட்டினா இறுக்கமா நகர்ந்து எழுத்தும் ஒரு ஓரமா விழும், வெட்டும் ஆழமா விழும்.

பதில்: மூணு_ஃபேஸ்

மோட்டார் பக்கத்துல என்ன போடறதுன்னு யாரும் சொல்லலை. புழுங்கல் போடற இடம், பாய்லர் பக்கம் எல்லாம் டேப்பே வேண்டாம், நீராவியில பசை இளகிடும். டெர்மினல் பாக்ஸுக்குள்ள வயர் முனைக்கு ஃபெரூல் இல்லன்னா ஹீட் ஷ்ரிங்க், வெளியில கேபிளுக்கு எழுத்துக் குத்தின ஸ்டெயின்லெஸ் தகடு, ஸ்டீல் கேபிள் டை. ஹீட் ஷ்ரிங்க் சுருக்க லைட்டர் பிடிக்காதீங்க. புகை ஏறி நம்பர் கறுக்கும், அடியில வயர் தோலும் வேகும். ஹீட் கன்னை ஒரே இடத்துல நிறுத்தாம ஆட்டிக்கிட்டே காட்டணும். சுருங்கறதுக்கு முன்னாடி எழுத்தைத் தேய்க்காதீங்க, சூடு பட்டப்புறம்தான் மை நல்லாப் பிடிக்கும். 2:1 டியூப்ல (பாதி விட்டத்துக்குச் சுருங்கறது) எழுத்து குறுக்குவாக்குல சிறுத்துடும், அதனால ஒரு சைஸ் பெருசா அடிச்சுக்குங்க.

மொழி விஷயம். பிரதர் மிஷினுக்கான கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் பி-டச் எடிட்டர்ல விண்டோஸ் ஃபான்ட் எதுவும் போடலாம். நிர்மலா யூஐன்னு விண்டோஸோட வர்ற ஃபான்ட்ல தமிழும் இருக்கு, மலையாளமும் இருக்கு. யூனிகோட்ல டைப் பண்ணுங்க, கொம்பும் காலும் இடம் மாறாது. ஆனா மிஷின் 180 டிபிஐ, மி.மீ.க்கு ஏழு புள்ளிதான். 6 மி.மீ. டேப்ல அடிக்கற உயரமே 32 புள்ளி. அதுல ரெண்டு வரி மலையாளம் போட்டா கூட்டெழுத்து எல்லாம் மைச்சொட்டாயிடும். 24 மி.மீ. டேப்ல மேல மலையாளம், கீழ தமிழ், ஓரத்துல மோட்டார் நம்பர் பெருசா. ‘எலிவேட்டர் 3’ மாதிரி மில்லில் வாயில வர்ற பேரையே போடுங்க. அகராதித் தமிழ் போட்டா ஆபரேட்டர் நம்பரைத்தான் பாப்பார்.

அபாயப் பலகையை லேபிள் மிஷின்ல அடிச்சு ஒப்பேத்தாதீங்க. 250 வோல்ட்டுக்கு மேல இருக்கற எல்லா இடத்திலும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ, கூடவே அந்த மாவட்ட மொழியில, மண்டையோடு எலும்புப் படத்தோட நிரந்தரமா இருக்கணும், வடிவம் ஐஎஸ் 2551 படி. மில் பாலக்காடு மாவட்டத்துல இருக்கு, ஆக மலையாளம் கட்டாயம். கோயம்புத்தூர்ல வாங்கற ரெடிமேட் தகடுல தமிழும் ஆங்கிலமும்தான் இருக்கும். அதை மாட்டிட்டு இன்ஸ்பெக்‌ஷனுக்கு நின்னா திருப்பி அனுப்புவாங்க. மலையாளத் தகடு பாலக்காட்டுல வாங்கிக்குங்க, தமிழ் வேணும்னா கூடுதலா வைங்க.

பதில்: எலிவேட்டர்_பெல்ட்

கலர் சார்ட்டர் (அரிசியைக் கலர் பாத்துப் பிரிக்கற மிஷின்) இருக்கா மில்லில்? இறக்குமதி மிஷினா இருந்தா உள்ள வயர் கலர் வேற. அங்க நீலம் நியூட்ரல், கறுப்பு ஃபேஸ். நம்ம பக்கம் கறுப்பு நியூட்ரல், நீலம் பி ஃபேஸ். ரெண்டும் சந்திக்கற டெர்மினல்ல கலரை நம்பி வேலை செய்யற ஆள் ஃபேஸைத் தொடுவான். அந்த ஒரு டெர்மினல் பாக்ஸுக்கு மட்டும் ஃபெரூல் நம்பரோட ‘எல்’ (ஃபேஸ்), ‘என்’ (நியூட்ரல்) சேர்த்து அடிங்க. மூடியோட உள்பக்கம் மஞ்சள் டேப்ல ‘உள்ளே கறுப்பு = ஃபேஸ்’னு ரெண்டு மொழியிலயும் ஒட்டுங்க. வெளிப்பக்கம் ஒட்டினா, மூடியைக் கழட்டிக் கீழ வைக்கும்போது அது தரையைப் பாத்துக் கிடக்கும்.